மொக்கைச்சாமி வீட்டில் எல்லாம் கெட்டி

காப்பியின் ஆவி பட்டதும் என் மீசையின் இடது பக்கம் உதட்டை விட்டுக் கிளம்பிவிட்டது.

எதிரே, பெண்ணுடைய அய்யா மொக்கைச்சாமி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டாம் வருசம் தை மாசம், வெம்பக்கோட்டையில் அவர் மகள் வெள்ளைத்தாயைப் பெண் பார்க்க அம்மாவோடு போயிருந்தேன்.

எட்டு நாளைக்கு முன்னால்தான் இருக்கன்குடியில் எனக்கு மொட்டை போட்டார்கள். எனக்குப் பெண் அமைய வேண்டும் என்று அம்மா நேர்ந்துகொண்டது. நாவிதர் கைவாக்கில் மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

அதில்தான் வில்லங்கம். போன மாசம் இப்படியே வந்த அச்சங்குளத்து மாப்பிள்ளையை, "சாமி தலையைத்தானே கேட்டுச்சு, மீசையைக் கேக்கலையே" என்று மொக்கைச்சாமி வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்.

வெள்ளைத்தாயைச் சாத்தூர்ச் சந்தையில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். விட மனசில்லை. எங்கள் ஆட்டு வாலில் கொஞ்சம் முடியைக் கத்தரித்து, மைதாப் பசையில் ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். அவர்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த கிடாய் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மொக்கைச்சாமிக்கு ஒப்பேத்துகிற வேலை என்றாலே ஆகாது.

தேக்குக் கதவைத் தட்டி, "நிரந்தரம்" என்றார். கல்தொட்டியைக் காட்டி, "கெட்டி" என்றார். கிணற்றைக் காட்டி, "சாசுவதம்" என்றார். கிணற்றில் தண்ணீர் இல்லை.

அவர் மீசை கிடாய்க்கொம்பு மாதிரி வளைந்து நின்றது. அதை ஒரு தடவைகூட அவர் முறுக்கவில்லை, தொடவும் இல்லை. அம்புட்டு மரியாதை போலிருக்கிறது. காப்பியையும் நன்றாக ஆறவிட்டு, அண்ணாந்துதான் குடித்தார்.

நான் டம்ளரை மீசையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். காப்பி தீர்ந்து வெகுநேரமாகியும் கீழே வைக்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லவா தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

இன்னொரு டம்ளர் வந்தால் வலது பக்கமும் போய்விடும்.

வெள்ளைத்தாய் கதவோரம் தலையைக் குனிந்துதான் நின்றாள். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது கீழே, பாயில், அவள் பார்வைக்கு நேரே.

சட்டென்று உள்ளே போனவள் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். மேல் வெற்றிலையில், சுண்ணாம்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு உருண்டை. தீப்பெட்டிக் கம்பெனியில் காய்ச்சுகிற வஜ்ஜிரப் பசை. ஆறினால் கல். அது இன்னும் ஆறியிருக்கவில்லை.

தும்முவதுபோல் துண்டுக்குள் முகத்தைப் புதைத்தேன்.

நிமிர்ந்தபோது மீசை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. துண்டும் கொஞ்சம் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டைப் பிய்த்துவிட்டேன். பிற்பாடு என் சொந்த மீசை வெளியே வர வழியில்லாமல் மூக்குக்குள் போய் முளைத்தது தனிக்கதை.

மொக்கைச்சாமி கிட்டே வந்து குனிந்து, என் மேலுதட்டை உற்றுப் பார்த்தார்.

"கெட்டி" என்றார்.

உள்ளே பெண்டுகள் குலவை போட்டார்கள். அம்மா இருக்கன்குடித் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

தட்டை எடுக்க வந்த வெள்ளைத்தாய் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அந்த எலையில மிச்சமிருந்தாக் குடுங்க. எங்கய்யாவுக்கு வலது பக்கம் லேசாத் தூக்கியிருக்கு."