பையனுக்கு யூரிக் ஆசிட்

மாப்பிள்ளைப் பையன் நொண்டிக்கொண்டே படியேறி வருவதைப் பார்த்ததும் ஜெயகரனின் முகம் மலர்ந்தது. உள்ளறை ஜன்னல் வழியாக அதைக் கவனித்த ஃபீபிக்கு அப்பாவின்மேல் கோபம்தான் வந்தது.

“ஒண்ணும் இல்ல பிரதர், பையனுக்கு யூரிக் ஆசிட் கொஞ்சம் ஜாஸ்தி. கால் மூட்டு வீங்குது, கவுட்டுன்னு சொல்லிட்டாங்க,” என்றார் பையனின் அம்மா பொன்மலர். அரக்கோணத்திலிருந்து வந்திருந்தார்கள். கணவர் இல்லை. ஒரே மகன் நெல்வின், ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை.

“அதுக்கென்ன சிஸ்டர்! இந்த ஆம்பூர்ல பாதிப் பேருக்கு அது உண்டு. பிரியாணி குடுத்த சீதனம்!” என்று ஜெயகரன் பலமாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் சமையலறைக்கு, ஃபீபியிடம் வந்துவிட்டார். “நல்லதாப் போச்சு. பையனுக்கே கால்ல கோளாறு. உன் கைய யாரும் உத்துப் பாக்கப் போறதில்ல. நீயா வாயத் தொறந்து பேஜார் பண்ணிடாத.”

ஃபீபிக்கு இருபத்தாறு வயது. மூன்றாம் வகுப்பு டீச்சர். 2002இல் ஒரு நாள் காலை சாக்பீஸ் பிடிக்க முடியாமல் இரண்டு கை விரல்களும் வீங்கின. வேலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ருமட்டாய்டு மூட்டுவாதம் என்றார்கள். ஆட்டோ இம்யூன் வியாதி. கட்டுக்குள் வைக்கலாம், அடியோடு போகாது.

அதன்பின் இரண்டு வருடத்தில் இரண்டு வரன்கள் வந்தன. இரண்டு முறையும் உண்மையைச் சொன்னார்கள். குடியாத்தத்துக்காரர்கள் அப்புறம் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். நாட்றம்பள்ளிக்காரர்கள் வைத்த காபியைக்கூடத் தொடவில்லை. மூன்றாவது முறை மூச்சு விடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

சாப்பாடு பரிமாறினார்கள். பிரியாணிப் பாத்திரத்தை ஃபீபியின் அம்மாவே தூக்கிக்கொண்டாள். ஃபீபி கையில் தயிர்ப் பச்சடிக் கிண்ணம் மட்டும். நெல்வின் நிமிராமல் சாப்பிட்டான். பொன்மலர் மகனின் இலையைப் பார்த்து, “ஈரல் வறுவல் நல்லா வந்திருக்கு. இன்னும் ரெண்டு கரண்டி வைங்க, அவனுக்குப் பிடிக்கும்,” என்றார். அம்மா அள்ளி வைத்தாள்.

“எனக்கு ஒரே ஆசைதான்,” என்றார் பொன்மலர், ஃபீபியைப் பார்த்து. “அடுத்த கிறிஸ்மஸுக்கு என் மடியில ஒரு பேரப்பிள்ளை இருக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஃபீபி பச்சடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாராவாரம் அவள் விழுங்கும் மாத்திரையைப் பற்றி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பிள்ளை வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே அதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரலாம். இதையும் மறைத்தா ஒருத்தன் கையைப் பிடிப்பது?

சாப்பாடு முடிந்ததும், “ரெண்டு பேரும் மாடிக்குப் போய்க் கொஞ்சம் பேசுங்களேன்,” என்றார் ஜெயகரன். நெல்வின் மாடிப்படியைப் பார்த்தான். ஃபீபியும் பார்த்தாள்.

“பின்பக்கமே நிக்கலாங்க,” என்றான் அவன்.

கிணற்றடியில் வெயில் சுட்டது. காற்றில் பதனிடும் தோலின் வாடை. அவன் ஏதோ பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தான். ஃபீபி முந்தானைக்குள் மறைத்திருந்த கைகளை வெளியே எடுத்து அவன் முன் நீட்டினாள்.

“இதப் பாத்துக்குங்க. வீட்ல சொல்லக்கூடாதுன்னாங்க. என்னால முடியல.”

விரல் முட்டிகள் பருத்துச் சிவந்திருந்தன. அவன் குனிந்து பார்த்தான்.

“உங்களுக்கு வந்த மாதிரி கவுட் இல்லீங்க இது. நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். கவுட்ல மூட்டுக்குள்ள உப்புத் துகள் சேருது. அத எதிர்த்து உடம்பு சண்ட போடுது, அதான் வீங்குது. எனக்கு எதிரியே இல்லாம சண்ட போடுது. என் உடம்பு என்னையே அடிக்குது.” மாத்திரை, பிள்ளை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“காலைல எந்திரிச்சா எவ்ளோ நேரம் வெறப்பா இருக்கும்?” என்று கேட்டான் அவன்.

“ஒரு மணி நேரம். சில நாள் ரெண்டு.”

“நடமாடினா கொஞ்சம் கம்மியாவும். இல்ல?”

“ஆமா.”

அவன் சட்டென்று திரும்பிக் காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான். ஃபீபி கைகளைத் திரும்ப முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மூன்றாவது வரனும் போயிற்று. இந்த முறை அம்மாவை அழ வைக்கப்போவது வியாதி இல்லை, அவளேதான்.

கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள். அவன் கூடத்தின் நடுவில் நின்றிருந்தான். மகன் முகத்தைப் பார்த்துப் பொன்மலர் எழுந்துவிட்டார். ஜெயகரன் ஃபீபியை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

“இன்னா தம்பி, இன்னா ஆச்சு?” என்றார் தடுமாறி.

நெல்வின் தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

“இவங்க மறைக்காம சொல்லிட்டாங்கம்மா. எனக்கும் கவுட் இல்ல, ஆட்டோ இம்யூன்தான்னு நாமளும் சொல்லிடலாம்.”