பிரேக் பெடலின் வயிற்றெரிச்சல்

அந்தக் காரில் உழைப்பது எல்லாரும், பேர் வாங்குவது பிரேக் போடும்போது சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் மட்டுந்தான். "மழையில வழுக்காம நிக்குதுன்னா இவன்தான்யா காரணம்" என்று ஓனர் துரைக்கண்ணு சொல்லும்போதெல்லாம் பிரேக் பெடலுக்கு வயிறு எரியும். மிதிபடுறது நான், பேரு அவனுக்கா?

மிதிக்கும்போதெல்லாம் பெடல் வேண்டுமென்றே உதறிக் காட்டியது. ஏபிஎஸ்தான் கெட்டுவிட்டது என்று நம்பி, துரைக்கண்ணு அதைக் கழற்றிப் போட்டார்.

வண்டியின் தகுதியைச் சோதிக்கும் எஃப்.சி. அன்று ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கிடம் பெடல் கெஞ்சியது. "அக்கா, ஆபீசர் பாக்கறப்ப எரிஞ்சு காட்டிக் குடுத்துடாதே."

"எனக்கென்னடா வந்துச்சு" என்று விளக்கு கண்ணை மூடிக்கொண்டது. கார் பாஸானது.

அடுத்த மழையில் குறுக்கே எருமை. பெடல் உயிரைக் கொடுத்துப் பிடித்தும், சக்கரங்கள் இறுகிக்கொண்டு கார் வயலுக்குள் சறுக்கி விழுந்தது.

துரைக்கண்ணு சீட் பெல்ட்டைத் தடவினார். "நீ இல்லேன்னா நான் இல்லடா தங்கம்."

வளைந்து கிடந்த பெடல், அந்த பெல்ட் எந்த போல்ட்டில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தது.