கரண்ட் வந்த நேரம்

“அமுக்கு மேகலா” என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தான் பூபதி.

உள்ளறையில் அவன் மனைவி, கட்டில் கம்பியில் கட்டியிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

மணி அடிக்கவில்லை.

வேன் போச்சம்பள்ளியைத் தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது. வாசலுக்கு வருவதற்குள் இது வேலை செய்தாக வேண்டும். பொத்தானை அமுக்கியும் மணி அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

“இன்னிக்கேவா இதச் செய்யணும்?” என்றாள் மேகலா.

“இன்னிக்கேதான்.”

பூபதிக்குக் கம்பெனி வேலை. மிச்ச நேரமெல்லாம் பெங்களூரில் வாங்கிவந்த சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளோடுதான். ஒன்று கட்டிலில், ஒன்று வீட்டுக்குப் பின்னால் கிணற்று மோட்டாரில், ஒன்று கூடத்தில். பொத்தானை அமுக்கினால் கூடத்தில் மணி அடிக்கும். வயலுக்கான கரண்ட் வந்தால் பச்சை விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தால் போதும், படுத்த படுக்கையிலிருந்தே அப்பா வெங்கடப்பன் விரட்டுவார்.

“என் மூஞ்சிய என்னடா பாத்துக்கிட்டு? கரண்டு போறதுக்குள்ள மடையத் திருப்பு, போ. நான் எங்க, ஓடியா போயிடுவன்?”

போர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு லைப்ரரி. யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்ட புரோகிராம். இரண்டு செய்திகள் ஒரே நொடியில் வந்தால் பழைய வெர்ஷனில் ஒன்று தொலைந்துபோகும், புது வெர்ஷனில் அது சரியாகிவிட்டது என்று அறிவிப்பு வந்து மாதக்கணக்காகிறது.

அப்போதே படித்தான். நன்றாக ஓடுவதில் எதற்குக் கை வைப்பானேன் என்று விட்டுவிட்டான்.

சட்டென்று பொறி தட்டியது. மற்ற இரண்டு போர்டுகளுக்கும் இன்று காலைதான் புது வெர்ஷன் ஏற்றியிருந்தான். கட்டில் போர்டில் இன்னும் பழையதுதான்; பழையது பேசுவது புதியதற்குப் புரியாது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். கேபிளைச் செருகினான். தலையணைப் பக்கம் பார்க்கவேயில்லை.

ஏறிவிட்டது.

இனி கடைசி சோதனை. இரண்டும் ஒரே நொடியில்.

கிணற்றடிக்கு ஓடினான். கரண்ட் வந்ததாக மோட்டார் போர்டை நம்பவைக்க அங்கே ஒரு சுவிட்ச் வைத்திருந்தான்.

“இப்ப” என்று கத்தியபடியே தட்டினான். உள்ளே அவள் அமுக்கினாள்.

மணி அடித்தது. கிணற்றடிவரை கணீரென்று கேட்டது.

மறுபடி தட்டினான். மறுபடியும் அடித்தது. அதற்குப் பிறகும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே நின்றான்.

மேகலாதான் வெளியே வந்து அவன் கையைப் பிடித்தாள். “போதும், வாங்க. வேன் வந்துருச்சு.”

வாடகைக்குக் கட்டில் கொடுக்கும் சென்றாயன் இறங்கினார்.

“கட்டில ஏத்திக்கட்டுமா பூபதி? பாரூர்ல ஒரு அம்மாவுக்கு இன்னிக்கே வேணுமாம்.”

“பெல்லையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா. அவங்க வீட்லயும் மோட்டார் இருக்கும்.”

கட்டிலைத் தூக்கியபோது சிவப்புப் பொத்தான் கம்பியில் மோதி ஆடியது.

போன வாரம் அந்தச் சாயங்காலமும், பச்சை விளக்கு எரிந்ததும் இருவரும் மடை திருப்பத்தான் ஓடினார்கள். மணி கேட்கும் தூரத்தில்தான் நின்றார்கள். வயல் நனைந்து திரும்பி வந்தபோது, அப்பாவின் விறைத்த கட்டைவிரல் அந்தப் பொத்தானை அமுக்கியபடியே இருந்தது.