இல்லாத டிஸ்க்

காலையில் மின்சாரம் போய் வந்த பிறகு ஆஸ்பத்திரியின் சர்வர் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பாதியில் நின்று, ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகக் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டியது. பொறுப்பாளர் தேவசகாயத்துக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. மகளின் கல்யாண வீடியோவைப் போட்டுவைக்க அந்த டிஸ்க்கைப் போன வாரம் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். சர்வர் தொடங்கும்போது தேடும் டிஸ்க்குகளின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுக்க மறந்திருந்தார்.

வெளியே ரத்தப் பரிசோதனை முடிவு கேட்டு ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நிர்வாகி வேகமாக உள்ளே வந்தார்.

“நேத்து இந்த ரூமுக்கு யாரு வந்தது?”

ஆப்பரேட்டர் பூங்கோதை எழுந்து நின்றாள். “நான்தான் சார். தூசி தட்டிட்டு உடனே போயிட்டேன்.”

நிர்வாகி தேவசகாயத்தைப் பார்த்தார். அவர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தெரியாம எதையாவது அமுக்கியிருப்பாங்க சார்.”

“நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா” என்றார் நிர்வாகி.

தேவசகாயம் பட்டியலில் அந்தப் பெயரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். சர்வர் ஓடியது. பூங்கோதை சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவரருகே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“நல்லவேளை நீங்க இருந்தீங்க சார். என்னால ஒரு உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“பரவாயில்லம்மா. அடுத்த எடத்துலயாவது கவனமா இரு.”

அவர் குரலில் உண்மையாகவே பரிவு இருந்தது. அது அவருக்கே வியப்பாக இருந்தது.