எழுபதாம் நம்பருக்குப் பச்சை

சிக்னல் பெட்டியின் சாவி அவனுடைய சட்டைப் பையில் இருந்தது.

பெட்டியைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் சிவப்பு. டிராஃபிக் போலீஸ்காரனான அவன் விரல் ஒன்பது வருடமாகப் பார்த்த வேலை. இன்று முதல் அந்த விரலுக்கு ஓய்வு என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் மணி ஐந்து நாற்பத்தெட்டு.

ஐந்து ஐம்பதுக்கு எழுபதாம் நம்பர் வரும். அதில் கண்டக்டர், அவன் மனைவி.

அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவன் இந்த நால்ரோட்டில் நின்றுகொண்டிருப்பான். அவள் திரும்பும்போது அவன் தூங்கியிருப்பான். வார விடுமுறையும் ஒத்துவராது. இருவரும் கண் விழித்தபடி முகம் பார்த்துக்கொள்வது இந்தச் சிக்னலில்தான்.

சிவப்பு, நூற்றிருபது விநாடி.

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, மகளுக்குக் காய்ச்சல் விட்டது, மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாம் பஸ் ஜன்னலோரத்தில் பேசி முடித்துவிடுவார்கள். ஊரே திட்டித் தீர்த்த சிவப்பில் அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள்.

முந்தாநாள் சண்டையும் அங்கேதான்.

மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு அவளால் வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

“வீட்டவிட உனக்கு பஸ்ஸுதான் பெருசு.”

அவள் பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்தது.

அதன் பிறகு அவள் அவனுடைய போனை எடுக்கவில்லை. நேற்று புதுக் கருவி பொருத்தச் சாலையை அடைத்து, பஸ்ஸை வேறு வழியாக விட்டார்கள். சொன்ன வார்த்தை இரண்டு நாளாக அவனையே குத்துகிறது. சாப்பாடு இறங்கவில்லை.

இன்று ஜன்னலுக்குப் போய் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இன்று பஸ் நிற்காது.

புது ஏற்பாடு அப்படி. பஸ்ஸில் ஒரு கருவி. இருநூறு மீட்டர் தள்ளி வரும்போதே சிக்னலுக்குச் சொல்லிவிடும். கார்கள் காத்திருக்கும், பஸ் போய்க்கொண்டே இருக்கும்.

யோசனை சொன்னதே அவன்தான். போன வருடம் நெரிசலைக் கணக்கெடுக்க வந்த பொறியாளர் பெண், யாருக்கு முதலில் வழிவிடலாம் என்று கேட்டாள். காரில் ஒருவர், பஸ்ஸில் அறுபது பேர் என்றான். அவன் மனதில் இருந்தது அறுபது பேர் இல்லை. இங்கே பஸ் சிக்கிக்கொள்ளும் நாளெல்லாம், கடைசி நிறுத்தத்தில் ஒரு டீ குடிக்கக்கூட நேரமில்லாமல் அடுத்த நடைக்குத் திரும்பும் ஒருத்தி.

நல்லது செய்யப் போய்த் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான்.

அந்தப் பொறியாளர் பெண் இப்போது பக்கத்தில் நிற்கிறாள். கையில் டேப்லெட். இன்று சரியாக நடந்தால் ஊரிலுள்ள மற்ற சிக்னல்களுக்கும் இதே ஏற்பாடு.

“வருது சார்” என்றாள்.

மின்சார பஸ். சத்தமே இல்லை. பழைய பஸ்ஸாக இருந்தால் பாலத்தடியில் வரும்போதே காது சொல்லியிருக்கும்.

அவன் விரல்கள் பைக்குள் போயின. சாவி சூடாக இருந்தது.

பஸ்ஸின் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றிருந்தார்கள்.

கையை வெளியே எடுத்தான். வெறும் கை.

பச்சை விழுந்தது. கார்கள் நின்றன. எழுபதாம் நம்பர் தன் பாதையில் வந்து, நால்ரோட்டைக் கடந்து போனது. பின் ஜன்னலில் அவள் முகம். அவனைப் பார்த்தாளா, தெரியவில்லை.

அவ்வளவுதான். நான்கு விநாடி.

அப்போது விசில் கேட்டது.

புது பஸ்ஸில் மணியடிக்கப் பொத்தான் உண்டு. அவள் இன்னும் விசிலைக் கைவிடவில்லை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. டிரைவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது.

ஒரே ஒரு விசில்.

சிக்னலைத் தாண்டி நாற்பதடியில் பஸ் நின்றது.

“அங்க ஸ்டாப்பே இல்லையே சார்?” என்றாள் பொறியாளர் பெண்.

அவன் ஓடிக்கொண்டிருந்தான்.

ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். மூச்சு வாங்கியது. இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எங்கே போனதென்று தெரியவில்லை.

“மத்தியானம் சாப்பிட்டயா?” என்றான்.

அவள் குனிந்து அவனைப் பார்த்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“சாப்பிட்டனுங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க. எனக்கு பஸ்ஸுதானுங்க பெருசு.”

உதடு இறுகித்தான் இருந்தது. கண் சிரித்தது.

அவன் தன் போலீஸ் விசிலை வாயில் வைத்தான்.

இரண்டு முறை ஊதினான்.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பியது.