இறக்குகூலி

"இன்னும் ரெண்டாயிரம் டொலர் தந்தால்தான் கதவு திறக்கும், அண்ணை," என்றான் தவம், லாரியின் பின்கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

மெல்பர்ன் புறநகர் பாயிண்ட் குக்கில் கட்டின புது வீட்டு வாசலில் நின்ற செந்தில்நாதன் இதற்கு ஆடிப்போவார் என்று நினைத்தால், அவரைத் தெரியாது என்று அர்த்தம். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன். பதினோரு வருஷம் சிட்னியில் குடியிருந்தும் ஒரு நாற்காலிகூடக் காசு போட்டு வாங்கியதில்லை.

வருஷத்துக்கு ரெண்டு முறை அக்கம்பக்கத்துக்காரர்கள் பழைய சாமானை எல்லாம் தெருவோரத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, கவுன்சில் வண்டி வந்து அள்ளிப் போகட்டும் என்று இருப்பார்கள். வண்டி வருவதற்குள் செந்தில்நாதன் வந்துவிடுவார். சோபா, கட்டில், மைக்ரோவேவ், ஒரு கால் குட்டையான டைனிங் டேபிள், யாரோ ஒரு குழந்தை ஸ்கெட்ச் பேனாவால் பேர் எழுதின அலமாரி, எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான். இப்போது அத்தனையும் லாரியில் ஏறி, தொள்ளாயிரம் கிலோமீட்டர் தாண்டி மெல்பர்ன் வந்து நிற்கிறது.

"எதுக்கு ரெண்டாயிரம்?"

"டீசல் விலை கூடிப் போச்சுது. சாமானும் நீங்கள் சொன்னதை விடக் கூட. மேல படியும் ஏறவேணும்."

"குடுக்கலன்னா?"

"திருப்பிக் கொண்டுபோவன். பிறகு என்னைக் கேக்கக் கூடாது."

செந்தில்நாதனின் மனைவி ஹரிப்பிரியா உள்ளேயிருந்து ரெண்டு கப் டீயோடு வந்தாள். ஒன்றைத் தவத்திடம் நீட்டி, "சர்க்கரை போடல," என்றாள். அவன் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தான்.

கொள்ளைக்காரனுக்கு டீ ஒரு கேடா என்று செந்தில்நாதன் மனைவியை முறைத்தார். "நீ புடிச்சுக் குடுத்த ஆளுதானே?"

"நம்ம தமிழாளாச்சேன்னு நம்பினேன். விடுங்க. சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கா பணம்னு, இந்தச் சாமானுக்கு இன்னும் ரெண்டாயிரமா? அவனே எடுத்துட்டுப் போய்த் தொலையட்டும். புதுசு வாங்கிக்கலாம்."

புதுசு என்ற சொல் காதில் விழுந்ததும் செந்தில்நாதனுக்கு ரத்தம் கொதித்தது. "காசும் குடுக்க மாட்டேன், சாமானையும் விட மாட்டேன்," என்று உள்ளே போனவர், ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு திரும்பி வந்தார். வீடு மாற்றும் கம்பெனியைப் பிடிக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று அரசாங்க வெப்சைட்டில் இருந்ததை எல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஆபீஸ் பிரிண்டரில்தான்.

"இந்தா தம்பி, நீ எழுத்துல குடுத்த கொட்டேஷன். கீழ உன் கையெழுத்து. இது சாமான் லிஸ்ட், நாப்பத்தி மூணு உருப்படி, ஒவ்வொண்ணுக்கும் போட்டோ இருக்கு. இதுக்கு மேல ஒரு ஸ்பூன் இருந்தாலும் காட்டு. மாடிப்படி பதினாலுன்னு அதுலயே எழுதியிருக்கேன். ஏத்தும்போது ஒரு விலை, இறக்கும்போது ஒரு விலைன்னு சொல்ல இது என்ன மீன் மார்க்கெட்டா?"

தவம் ஹரிப்பிரியாவைப் பார்த்தான். அவள் டீ கப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஆயிரத்தி ஐந்நூறு எண்டால்..."

செந்தில்நாதன் லாரியின் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார். பிறகு நுகர்வோர் புகார் நம்பரை அழுத்தி போனை ஸ்பீக்கரில் போட்டார். வரிசையில் காத்திருக்கச் சொல்லி ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கெஞ்சிவிட்டு, பியானோ வாசிக்க விட்டது.

"எவ்வளவு நேரமானாலும் நிப்பேன், இன்னிக்கு லீவுதான். இவங்க எடுக்கறதுக்குள்ள மெல்பர்ன் தமிழ் வாட்ஸப் குரூப் நாலுலயும் உன் லாரி போட்டோ போயிடும்."

சட்டத்தைவிட வாட்ஸப்தான் தவத்தை உலுக்கியது. அவனுக்கு வருகிற வேலையில் பாதி அந்தக் குரூப்புகளிலிருந்துதான் வருகிறது. பேர் கெட்டால் லாரியை விற்றுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

"வேண்டாம் அண்ணை, போனை வையுங்கோ," என்று சாவியை எடுத்தான்.

ரெண்டு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று உருப்படியும் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஜெயித்த உற்சாகத்தில் செந்தில்நாதனே சோபாவின் ஒரு முனையைத் தூக்கினார். அது போன வழியெல்லாம் புது கார்ப்பெட்டில் பஞ்சு உதிர்ந்தது. அலமாரி வெள்ளைச் சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு கிழித்துவிட்டு உள்ளே போனது.

வீடு கட்டுகிற காலத்தில் ஒவ்வொரு அறைக்கும் திரைச்சீலை நிறம்கூட யோசித்து வைத்திருந்தவள் ஹரிப்பிரியா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாமான் பத்திரமாக வந்து சேர்ந்த சந்தோஷம் என்று செந்தில்நாதன் எடுத்துக்கொண்டார்.

"நம்ம உரிமை என்னன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும் ப்ரியா. இல்லன்னா நம்மாளே நம்ம தலையில மிளகா அரைப்பான்," என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, கட்டிலை முடுக்க ஸ்பேனரோடு மாடிக்குப் போனார்.

அவர் காலடிச் சத்தம் அடங்கும்வரை தவம் வாசலிலேயே நின்றான். பிறகு பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"மன்னிக்க வேணும் அக்கா, சாமானை இறக்காமல் கொண்டுபோய்க் குப்பையில கொட்டச் சொல்லி நீங்கள் தந்த முந்நூறு."