மொட்டுத் திருட்டு

"வெளிய வாங்கக்கா! என் செடியில கை வெச்சது யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

மதில் ஓரம் நின்று கத்தினாள் டீச்சர். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு வந்தாள்.

"என்ன டீச்சர்?"

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல வாங்கின நந்தியாவட்டை. வெயில் தொடங்கினதுலேர்ந்து உங்களுது பூத்துக் கொட்டுது. என்னுதுல பேருக்கு ஒரு பூ கிடையாது. மொட்டை யாரோ நகத்தால கிள்ளுறாங்கன்னு நர்சரிக்காரரே பார்த்துச் சொல்லிட்டார்."

"நான் தொடலை டீச்சர்."

"உங்க தையல் மெஷின் ஜன்னல் என் செடியைப் பார்த்துத்தானே இருக்கு? நீங்க இல்லைன்னா, வேற யாருன்னு சொல்லுங்களேன்!"

தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி டீச்சரின் வகுப்பு மாணவி.

தையல்காரம்மாவின் முகம் சிறுத்துப் போனது. "அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெயித்த மிதப்போடுதான் டீச்சர் வீட்டுக்குள் வந்தாள். ஆனாலும் காது மடல் சுட்டது. பத்து வருஷப் பழக்கத்தை இப்படித் தெருவில் போட்டு உடைத்திருக்க வேண்டாம். அந்த மாணவி வேறு பார்த்துவிட்டாள். நாளைக்கு எந்த முகத்தோடு பாடம் நடத்துவது?

கூடத்தில் மாமனார் எழுந்து நின்றார். "ஏம்மா, அந்த டாக்டர்கிட்ட என்னைக்குப் போகலாம்..."

"மாமா, நானே கொதிச்சுப் போய் வந்திருக்கேன். பரீட்சை முடியட்டும்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிம்மா, சரிம்மா. செடிக்காகவா இவ்வளவு சத்தம்? அதெல்லாம் பூக்கும். தினமும் விடிஞ்சதும் நான் போய்ப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்." ஜன்னல் மேலிருந்த டப்பாவைத் தடவி எடுத்து நீட்டினார். முகமெல்லாம் பெருமை. "இன்னிக்கு மட்டும் பதினாறு புழு. ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன்."

டீச்சர் மூடியைத் திறந்தாள். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பதினாறு மொட்டுகள்.

கரும்பலகை தெரியவில்லை என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்பிவிடும் டீச்சர், நாலு மாதமாக அதே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த மாமனார் முன்னால் தலை நிமிர முடியாமல் நின்றாள்.